கைவிடப்பட்டவை கட்டடங்கள் மட்டுமா?

துருவேறிய இரும்புக் கட்டில்கள், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்கள், கம்பியிடப்பட்ட சாளரங்கள், தரையிற் சிதறிக் கிடக்கும் பழைய பதிவேடுகள். கைவிடப்பட்ட மனநோய் வைத்தியசாலைகளின் உட்புறத்தைக் காட்டும் புகைப்படங்கள் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே இருக்கின்றன. பார்ப்பவரின் மனதில் ஓர் அச்சத்தையும், அந்த அச்சத்தோடு கலந்த ஒரு கவர்ச்சியையும் அவை ஏற்படுத்துகின்றன. கைத்தொலைபேசிகளில் தரமான படக்கருவிகள் வந்து, எடுத்த படத்தை மறுகணமே ஆயிரக்கணக்கானோருக்குக் காண்பிக்கும் வசதியும் சேர்ந்துகொண்ட பின்னர், பாழடைந்த கட்டடங்களுக்குள் நுழைந்து படமெடுப்பது பல நாடுகளில் இளைஞர்களின் பொழுதுபோக்காகவே மாறிவிட்டது. இந்த அலை எமது நாட்டையும் தொடாமல் விடவில்லை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் எமக்கு இது தொலைதூரத்து விடயமன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவியின் நடுவே, நகருக்கு அண்மையிலேயே, மாந்தீவு இருக்கின்றது. மனநோயாளருக்காக அன்றி, தொழுநோயாளருக்காக ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஏற்படுத்தப்பட்ட வைத்தியசாலை அது. நோய் வேறு என்றாலும் அதனைக் கட்டியெழுப்பிய எண்ணம் ஒன்றே. ஊருக்கு ஒவ்வாதவர் என்று கருதப்பட்டவரை ஊரின் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பதே அந்த எண்ணம். ஆகவே, வெறுமையாகிப் போன விடுதிகளைப் படமெடுப்பது சரியா, தவறா என்ற கேள்வியை மாந்தீவை முன்வைத்து ஆராய்வது எமது வாசகர்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம்.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். மனநோயாளரைத் தடுத்து வைப்பதற்கான சட்டம் இலங்கையில் 1873ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் வந்த இந்த இரு சட்டங்களும் நோயாளியைச் சிகிச்சைக்குரியவராகப் பார்த்ததை விட, ஏனையோர் பாதுகாக்கப்பட வேண்டிய ஓர் ஆபத்தாகவே அதிகம் பார்த்தன. தொழுநோயாளருக்கென்று மேற்குக் கரையில் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே ஹெந்தளையில் ஒரு நிலையம் இருந்தது. கிழக்கிற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது வாவியால் சூழப்பட்ட மாந்தீவு. மதில் எழுப்ப வேண்டிய தேவை அங்கு இருக்கவில்லை. நீரே மதிலாக இருந்தது.

அந்தத் தீவிற்குத் தோணியேறியவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். எழுவான்கரையின் மீனவரும் படுவான்கரையின் விவசாயியும் அங்கு ஒரே விடுதியின் அயற்கட்டில்காரர்களாயினர். ஊரில் வேலியும் எல்லையும் பார்த்தவர்களை நோய் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களது வீடுகளிலோ பெயரே உச்சரிக்கப்படாத நிலை ஏற்பட்டது. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும்போது, "ஒரு மாமா இருந்தார், வெளியூர் போனவர் திரும்பவில்லை" என்று சொல்லி முடிக்கும் வழக்கம் எமது இரு சமூகங்களுக்கும் புதியதன்று. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தவர் வெளியூர் போனவராக்கப்பட்டார்.

மருத்துவம் இந்நிலையை மாற்றியது. 1940களில் தப்சோன் மருந்து பயன்பாட்டிற்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கையிலும் நடைமுறைப்படுத்தப்பட்டது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதங்களோ பன்னிரண்டு மாதங்களோ மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் தொழுநோய் முற்றாகக் குணமாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மையும் நீங்கிவிடும். நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டிய காரணமே இல்லாமற் போயிற்று. 1995ஆம் ஆண்டளவில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை இலங்கை அகற்றிவிட்டதாகக் கணிக்கப்பட்டது. மாந்தீவிற்குப் புதிய நோயாளரை அனுப்ப வேண்டிய தேவை அற்றுப் போனது. விடுதிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. குணமடைந்தும் போக இடமில்லாதவர்களே அங்கு எஞ்சினர். உடலிலிருந்து நோய் போன பின்னரும் ஊரின் மனதிலிருந்து அது போகாததே இதற்குக் காரணம்.

மனநோயாளரின் கதை இதிலிருந்து சற்று வேறுபட்டது. கிழக்கில் அவர்களுக்கென்று பெரிய வைத்தியசாலை எதுவும் கட்டப்படவில்லை. 1920களில் கொழும்பிற்கு அண்மையில் அங்கொடையில் எழுந்த பெரும் வைத்தியசாலையே நீண்டகாலமாக நாடு முழுவதற்குமான புகலிடமாக இருந்தது. மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், தன் நோயின் குழப்பத்தோடு, தனக்கு விளங்காத மொழி பேசப்படும் விடுதியில் இருத்தப்படும்போது அவரது நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. யுத்த காலத்தில் பாதைகள் மூடப்பட்டபோது, உறவினர் சென்று பார்ப்பதும் அருகிப் போயிற்று. நோய் தணிந்த பின்னரும் அழைத்துச் செல்ல எவரும் வராமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிப் போனவர்கள் பலர். "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி, ஒருவரை ஒருவர் ஏளனம் செய்யப் பயன்படுத்திய சமூகமாகவே நாம் இருந்திருக்கின்றோம். அந்த வைத்தியசாலை பின்னர் தேசிய உளநல நிறுவகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஏளனம் மட்டும் பழைய பெயரிலேயே தொடர்கின்றது.

இவ்விடங்களின் உட்புறத்தைப் படமெடுப்பதில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிய வேண்டியது அவசியமாகும்.

முதலாவது, உள்ளே மனிதர்கள் இருக்கும்போது எடுக்கப்பட்ட படங்கள். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகை அந்நாட்டு மனநோய் வைத்தியசாலைகளின் அவலத்தைப் படங்களோடு வெளியிட்டது. போரிற் பங்கேற்க மனச்சாட்சியின் பேரில் மறுத்து, அதற்குப் பதிலாக மனநோய் வைத்தியசாலைகளிற் பணிக்கமர்த்தப்பட்ட இளைஞர்கள் உள்ளே கண்டவற்றை வெளிக்கொணர்ந்ததில் பெரும் பங்கு வகித்தனர். இத்தாலியில் மனநல வைத்தியர் பிராங்கோ பசாலியாவும் அவரது துணைவியார் பிராங்காவும் தொகுத்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கார்லா செராத்தி, ஜியானி பெரெங்கோ கார்டின் ஆகிய இருவர் எடுத்த படங்கள் இடம்பெற்றன. மழித்த தலைகளும் கட்டப்பட்ட கைகளும் அந்நாட்டு மக்களின் உறக்கத்தைக் கெடுத்தன. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1978 மே மாதம் 13ஆம் திகதி, மனநோய் வைத்தியசாலைகளைப் படிப்படியாக மூடும் 180ஆம் இலக்கச் சட்டத்தை இத்தாலி நிறைவேற்றியது. படங்கள் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தன என்று கூறுவதற்கில்லை. ஆயினும் மூடிய கதவின் பின்னால் நடப்பதைத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாத நிலையை அவை ஏற்படுத்தின.

எமக்கு மிக அண்மித்த உதாரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் இருக்கின்றது. அங்குள்ள தர்காவிற்கு முஸ்லிம்களும் இந்துக்களும் மனநோயுற்ற தம் உறவினரை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். தர்காவைச் சூழத் தனியார் காப்பகங்கள் பல முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் கருகி மாண்டனர். அந்தப் படங்கள் இந்தியாவின் மனச்சாட்சியை உலுக்கின. சில நாட்களிலேயே அவ்வாறான காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது. சங்கிலி பல்லாண்டு காலம் எல்லோருடைய கண்ணெதிரிலும் இருந்தது. அதை எல்லோரும் பார்த்தது 28 உயிர்கள் போன பின்னர்தான்.

இரண்டாவது வகை, உள்ளே எவருமில்லாத பின்னர் எடுக்கப்படும் படங்கள். இங்குதான் சிக்கல் எழுகின்றது. இப்படங்களில் துன்பம் இருக்கின்றது, துன்பப்பட்டவர் இல்லை. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எவரும் எதிர்த்துப் பேசப் போவதுமில்லை. ஆகவே படமெடுப்பவர் தமக்கு விருப்பமான கதையை அதன்மீது ஏற்றிவிட முடிகின்றது. பெரும்பாலும் ஏற்றப்படுவது பேய்க்கதையே. "இரவில் அழுகுரல் கேட்கும்", "உள்ளே போனவர் திரும்புவதில்லை" என்ற வகை வாசகங்களோடு அவை வலம் வருகின்றன. உயிரோடிருந்தபோது மனிதராக மதிக்கப்படாதவர்கள் இறந்த பின்னர் பேய்களாக்கப்படுவது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும்.

இதில் இறந்தவரின் மானம் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால், நல்லொழுக்கம் பற்றிய ஒரு குறிப்போடு நாம் நிறுத்திக் கொள்ளலாம். உயிரோடிருப்பவர்களின் உடல்நலமே இதிற் பணயமாக இருக்கின்றது. தொழுநோய் எமது பிரதேசத்தை விட்டு முற்றாகப் போய்விடவில்லை. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டே வருகின்றனர். சிறுவர்களும் இதற்கு விலக்கல்லர். உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய ஒரு தோற்படையே பெரும்பாலும் ஆரம்ப அறிகுறி. அந்த வேளையில் வைத்தியசாலைக்குச் சென்றால் இலவச மருந்தோடு எவ்வித அங்கக் குறைபாடுமின்றி நோய் நீங்கிவிடும். மறைத்து வைத்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு விரல்களும் பாதங்களும் பார்வையும் கெடும். ஒரு தாய் தன் பிள்ளையின் முதுகிலுள்ள படையைக் கண்டு வைத்தியரிடம் போவாரா, சட்டையால் மூடி மறைப்பாரா என்பது அந்த நோயின் பெயரைக் கேட்டதும் அவர் மனக்கண்ணில் எழும் காட்சியிலேயே தங்கியிருக்கின்றது. இருண்ட விடுதியும் துருவேறிய கட்டிலும் அந்தக் காட்சியாக இருக்குமானால் அவர் மறைக்கவே செய்வார்.

மனநோயைப் பொறுத்தும் இதே நிலைதான். உறக்கமின்றித் தவிக்கும் மகனைத் தமிழ்க் குடும்பம் கட்டாடியாரிடமும், முஸ்லிம் குடும்பம் ஓதிப் பார்ப்பவரிடமும் முதலில் அழைத்துச் செல்வதை நாம் குறை கூறவில்லை. நம்பிக்கை தரும் ஆறுதலுக்கு ஓர் இடமுண்டு. ஆனால் அங்கிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் அடுத்த அடியை எடுக்க விடாமற் தடுப்பது, "விசராஸ்பத்திரி" என்ற சொல்லும் அதனோடு வரும் காட்சியுமே. யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும் அடுத்தடுத்துக் கண்ட கரை இது. கல்லடியிலும் நாவலடியிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கு உளநல உதவி வெட்கத்திற்குரியதன்று என்று எடுத்துக் கூறுவதற்குப் பலர் பல்லாண்டுகள் உழைத்திருக்கின்றனர். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, மனநல வைத்தியர் மகேசன் கணேசன் போன்றோர் மட்டக்களப்பில் உளநல சேவையைக் கட்டியெழுப்பினர். நோயாளியை அங்கொடைக்கு அனுப்பாமல் அவரது ஊருக்கு அருகிலேயே, அவரது மொழியிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்பதை அவர்களது பணி எடுத்துக்காட்டியது. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கையும் இந்தத் திசையிலேயே நாட்டைச் செலுத்த முற்பட்டது. இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த நம்பிக்கையைப் பொறுப்பற்ற சில படங்கள் கரைத்துவிடலாம்.

பதிவேடுகள் பற்றியும் குறிப்பிட வேண்டும். கைவிடப்பட்ட வைத்தியசாலைகளின் படங்களில் அடிக்கடி தென்படுபவை நோயாளரின் பெயர், தந்தை பெயர், ஊர், நோய் விபரம் ஆகியன எழுதப்பட்ட ஏடுகளாகும். பெருநகரங்களில் அப்பெயர்கள் எவருக்கும் பொருளற்றவையாக இருக்கலாம். எமது ஊர்களில் அவ்வாறன்று. ஒரு பெயரையும் குறிச்சியையும் கண்டாலே எந்தக் குடும்பம், எந்தக் குடி என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நாம். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கத்தின் படம் இன்று ஒரு பேத்தியின் திருமணத்தைக் குழப்பக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் சார்ந்த தகவல்களைச் சிறப்பான பாதுகாப்பிற்குரிய வகையில் சேர்த்துள்ளது. சட்டம் அவ்வாறு சொல்ல, ஏடுகளைப் பூட்டில்லாத அறையில் விட்டுச் செல்வது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. இவ்விடயத்தில் படமெடுத்த இளைஞரை விட, ஏட்டை அங்கே விட்டுச் சென்ற நிர்வாகமே முதற் குற்றவாளி என்பதையும் நாம் கூறியாக வேண்டும்.

அப்படியானால் இவ்விடங்களைப் படமெடுக்கவே கூடாது என்று தடை விதித்துவிடலாமா? அது எமது நிலைப்பாடன்று. படமெடுக்காமல் விடுவதால் வெட்கம் நீங்கிவிடாது. வாவியின் உப்புக் காற்றும் கறையானும் மழையும் சேர்ந்து எல்லாவற்றையும் மண்ணாக்கிவிடும். அதன் பின்னர் அப்படியொரு இடம் இருக்கவேயில்லை என்று சொல்வது மிகச் சுலபமாகிவிடும். மறக்கப்பட வேண்டும் என்பதற்காகவே தீவுக்கு அனுப்பப்பட்டவர்களை மீண்டும் ஒருமுறை மறப்பதற்கு நாம் துணைபோகலாகாது.

சாட்சியாக நிற்கும் சுவரின் பெறுமதியை எமது மாவட்டம் அறியும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிச் சூட்டின் துளைகள் பூசி மறைக்கப்படாமல் விடப்பட்டன. அதற்கு அடுத்த மாதத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ் இளைஞர்களுக்கும், சத்துருக்கொண்டானில் மடிந்தவர்களுக்கும் ஆண்டுதோறும் நினைவுகூரல் நடைபெறுகின்றது. காயத்தை மறைக்காமல் வைப்பதும் அதைக் காட்சிப்பொருளாக்குவதும் ஒன்றல்ல என்பதை இவ்வூர்களின் மக்கள் எவரும் கற்றுக் கொடுக்காமலேயே அறிவர். பள்ளிவாசற் சுவரின் முன்னால் நின்று எவரும் பேய்க்கதை சொல்வதில்லை. மாந்தீவின் சுவருக்கும் அதே மரியாதை உரியதாகும்.

பிற நாடுகளின் அனுபவமும் எமக்குத் துணைபுரியும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வில்லார்ட் மனநோய் வைத்தியசாலை 1995ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, அங்குள்ள பரணொன்றில் நானூறுக்கும் மேற்பட்ட பயணப் பெட்டிகள் காணப்பட்டன. நோயாளர் வந்து சேர்ந்த நாளிற் கொண்டுவந்தவை அவை. பலர் அப்பெட்டியை மீண்டும் திறக்காமலேயே அங்கு மாண்டு போயினர். ஜோன் கிறிஸ்பின் என்ற புகைப்படக் கலைஞர் அப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படமெடுத்தார். ஒரு சீப்பு, தையல் ஊசி, கடிதக்கட்டு, ஒரு குழந்தையின் படம். இடிந்த சுவர்களின் ஆயிரம் படங்கள் சொல்லாததை அவை சொல்லின. இங்கு வந்தவர் நோயாக வரவில்லை, ஒரு வாழ்க்கையோடு வந்தார் என்பதே அது. அந்நோயாளரின் முழுப் பெயர்களை வெளியிட மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை. பெயரை மறைப்பதே வெட்கத்தை நீடிக்கச் செய்கின்றது என்று எதிர்வாதமும் எழுந்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. பெயரை வெளியிடும் உரிமை படமெடுப்பவருக்கோ அரசுக்கோ உரியதன்று, அது குடும்பத்திற்கே உரியது என்று கொள்வதே எமது சமூகங்களுக்குப் பொருந்தும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு மற்றோர் உதாரணத்தையும் நினைவூட்டலாம். மனநோயாளரை வைத்தியசாலையில் வைத்துப் பராமரிக்கும் மரபு இஸ்லாமிய உலகில் மிகப் பழமையானது. கெய்ரோவில் 1284ஆம் ஆண்டளவில் சுல்தான் கலாவூன் அமைத்த வைத்தியசாலையில் அவர்களுக்கென்று தனிப்பகுதி இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488ஆம் ஆண்டில் நிறைவு செய்த வைத்தியசாலையில் இசையும் நீரோசையும் சிகிச்சையின் பகுதிகளாக இருந்தன. பின்னாளிற் கைவிடப்பட்ட அந்தக் கட்டடம் திருத்தப்பட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1997ஆம் ஆண்டில் சுகாதார அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பேரவையின் அருங்காட்சியக விருதும் அதற்குக் கிடைத்தது. இன்று அங்கு படமெடுப்பவர்கள் பேய்களைத் தேடிப் போவதில்லை. ஒரு நாகரிகம் தன் நோயாளரை எவ்வாறு நடத்தியது என்பதைக் காணவே செல்கின்றனர்.

மாந்தீவிற்கு மிக நெருங்கிய உதாரணம் யப்பானில் இருக்கின்றது. அங்கும் தொழுநோயாளர் தீவுகளில் வைக்கப்பட்டனர். நாகஷிமா என்ற தீவிற்கும் பெருநிலத்திற்கும் இடையில் மிகக் குறுகிய நீர்ப்பரப்பே இருந்தது. அதன் மேல் ஒரு பாலம் அமைவதற்கு 1988ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனை மனித மாண்பை மீட்ட பாலம் என்று அம்மக்கள் அழைத்தனர். நோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே அங்கு நீக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் நீதிமன்றம் அரசின் தவறை உறுதிப்படுத்தியது. அரசு மேன்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கோரி நட்டஈடு வழங்கியது. எமது நாட்டில் மன்னிப்பு என்ற சொல் இவ்விடயத்தில் இதுவரை பேசப்படும் பொருளாகவே ஆகவில்லை.

மேற்கூறியவற்றைக் கருத்திற் கொண்டு சில யோசனைகளை நாம் முன்வைக்க விரும்புகின்றோம்.

முதலாவதாக, மாந்தீவு உள்ளிட்ட பழைய வைத்தியசாலைகளின் பதிவேடுகள் எங்கிருந்தாலும் அவை சேகரிக்கப்பட்டு, சுகாதாரத் திணைக்களத்தினதும் தேசிய சுவடிகள் திணைக்களத்தினதும் பொறுப்பில் பாதுகாக்கப்பட வேண்டும். குடும்பத்தினர் கேட்டால் தம் உறவினர் பற்றிய விபரத்தை இரகசியமாக அறிந்துகொள்ள வழி செய்யப்பட வேண்டும். பாட்டனார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதை அறியும் உரிமை ஒரு பேரனுக்கு உண்டு.

இரண்டாவதாக, கட்டடங்கள் இடிந்து போகுமுன்னர் அவற்றை முறையாகப் படமெடுத்து ஆவணப்படுத்த வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இதில் இணைந்து செயற்படலாம். தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகத் தோணியேறிச் சென்று செய்யக்கூடிய பணி இது. அங்கு பணியாற்றிய தாதியர், சிற்றூழியர், தோணிக்காரர், குணமடைந்தோர் ஆகியோரின் நினைவுகள் அவர்களது சம்மதத்தோடு பதிவு செய்யப்பட வேண்டும். சுவர் காத்திருக்கலாம், முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக, தனிப்பட்ட ஆர்வத்தினாற் படமெடுப்போர் சில வரம்புகளைத் தாமாகவே ஏற்க வேண்டும். பெயர் தெரியும் எந்த ஏட்டையும் படமெடுக்கலாகாது. எந்தப் பொருளையும் நினைவுச் சின்னமாக எடுத்துவரலாகாது. எவரேனும் அங்கு வசித்தால் அவரது அனுமதியின்றிப் படக்கருவியை உயர்த்தலாகாது. வெளியிடும் ஒவ்வொரு படத்தோடும் அந்நோய் இன்று குணமாகக் கூடியது என்பதையும், அதற்கான சிகிச்சை அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கின்றது என்பதையும் இரண்டு வரிகளில் எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகள் ஒரு பிள்ளையின் விரல்களைக் காப்பாற்றக் கூடும்.

நான்காவதாக, 1873ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக, நோயாளரின் உரிமையை மையமாகக் கொண்ட புதிய உளநலச் சட்டம் தேவை என்பது 2005ஆம் ஆண்டின் கொள்கையிலேயே உணரப்பட்டிருந்தது. ஊனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் புதிய சட்டம் பற்றிய பேச்சு வரைவுகளோடு இழுபட்டே வந்திருக்கின்றது. இவ்விடயத்தில் கிழக்கின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் ஒரே குரலில் பேசத் தடையாக எதுவும் இல்லை. காணியிலும் எல்லையிலும் முரண்படுவோர், நோயாளி தன் தாய்மொழியிற் பேசிச் சிகிச்சை பெறும் உரிமையிலேனும் உடன்படலாம்.

மாலை வேளையில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படமெடுக்காத இளைஞர் எமது நகரில் இல்லை. பாடும் மீனுக்காகக் காதைத் தாழ்த்தும் நாம், அதே நீரின் நடுவே இருந்து அழைத்தவர்களின் குரலுக்கு ஒரு நூற்றாண்டு காலம் காதைப் பொத்திக் கொண்டோம். அவர்கள் இல்லாத விடுதிக்குள் இப்போது படக்கருவியோடு நுழைய விரும்புவோர் தாராளமாக நுழையட்டும். ஆனால் வாசலில் ஒரு கணம் நின்று, இங்கு இருந்தவரை இங்கு அனுப்பியது யார் என்று கேட்டுவிட்டு நுழையட்டும். அந்தக் கேள்வியோடு எடுக்கப்படும் படத்தில் சுவரிலுள்ள வெடிப்புகளோடு எம் எல்லோருடைய முகமும் தெரியும்.